கார்டுல அந்த ஒரு வரிய எழுதிக் குடுங்க டொக்டர்

கொழும்புல குழந்தையில்லாதவங்களுக்கு சிகிச்சை செய்ற டொக்டர்மாருக்கும், அந்த கிளினிக்குகள நடத்துறவங்களுக்கும், அப்பிடியே சுகாதார அமைச்சுல தாய் சேய் பகுதிய பார்க்கிறவங்களுக்கும்,

வணக்கம். நான் ஹட்டன் பக்கத்து தோட்டப் பாடசாலை ஒண்ணுல படிப்பிக்கிறேன். என் பேர் போடல, போட்டா லயத்துல ஆரம்பிச்சு டவுன் வரைக்கும் கதை ஓடும், காரணம் அவ்வளவுதான். எழுதுறதுக்கு என் வீட்டுக்காரரும் சம்மதம்னு சொல்லிட்டாரு.

போன வருஷம் கண்டியில ஒரு வார்ட்ல ராத்திரி பதினொரு மணி இருக்கும், பிரஷர் 170க்கு 110ல நின்னுச்சி, கையில ஊசி, ரெண்டு கண்ணுக்கு முன்னாலயும் மின்மினி பூச்சி பறக்கிற மாதிரி, அப்ப ஒரு டொக்டர் வந்து கட்டில் பக்கத்துல நின்னுக்கிட்டு ரொம்ப பதமா கேட்டாங்க, "உங்களுக்கு எம்பிரியோ வச்சது நெச்சுரல் சைக்கிள்லயா, மாத்திரை குடுத்தா?" னு. எம்பிரியோனா லேப்ல உண்டாக்கி கர்ப்பப்பையில வைக்கிற கரு, அது தெரியும், ஆனா கேள்வியே விளங்கல. அப்பிடி ரெண்டு வழி இருக்குனு அன்னைக்குத்தான் கேள்விப்படுறேன். ஏழு மாசம் வயித்துல சுமந்திருக்கேன், லட்சக்கணக்குல காசு கட்டியிருக்கேன், ஃபைல் ஒண்ணு இருக்கு வீட்டுல இவ்வளவு மொத்தத்துக்கு, ஆனா எனக்கு என்ன செஞ்சாங்கனு எனக்கு தெரியாது. கடைசியில என் ஹேண்ட்பேக் அடியில கிடந்த ஒரு வெறும் மாத்திரை அட்டைய அம்மா தேடி எடுத்து குடுத்தாங்க. அத வெளிச்சத்துல திருப்பி திருப்பி வாசிச்சிட்டு அவங்க "ஆ, எஸ்ட்ரோஜன், சரி" னு சொல்லி ஃபைல்ல எழுதினாங்க. ஒரு பொம்பளையோட கர்ப்பத்தோட சரித்திரம் பேக் அடியில இருந்த குப்பையிலதான் இருந்திச்சி. அதனாலதான் இந்த மடல். ஐ.வி.எஃப் செஞ்சு, அதாவது முட்டையையும் விந்தணுவையும் லேப்ல சேர்த்து கர்ப்பமானவங்களுக்கு, எந்த முறையில எம்பிரியோ வச்சதுனு கிளினிக் கார்டுல ஒரு வரி எழுதிக் குடுங்கனு கேக்கத்தான் எழுதுறேன்.

கொஞ்சம் பின்னாலருந்து சொல்றேன். கல்யாணம் முடிச்சு எட்டு வருஷம். பிரச்சினை என் பக்கம் இல்ல, வீட்டுக்காரருக்கு விந்தணு குறைவு. ஆனா கோயில்ல, கல்யாண வீட்டுல, மலடிங்கிற சொல்ல வாங்குனது நான்தான், அவர ஒருத்தரும் ஒண்ணும் சொல்லல, அது வேற கதை. எனக்கு மாசாமாசம் 28 நாள், 29 நாள், கேலண்டர்ல வட்டம் போட்டு வச்சா பிசகாது. இத ஞாபகம் வச்சுக்கோங்க, பிறகு இதுக்கு வருவேன்.

நகைய பேங்க்ல வச்சு, சீட்டுக்காசு எடுத்து, த்ரீவீல லீசிங்ல திரும்ப போட்டு கொழும்புக்கு வந்தோம். முட்டை நிறைய வந்திச்சி, 17. உடனே வச்சா சூல்பை வீங்கி ஆபத்துனு சொல்லி எல்லா எம்பிரியோவையும் ஃப்ரீஸ் பண்ணிட்டாங்க. அது சரியான முடிவுதான், அதுல எனக்கு ஒரு குறையும் இல்ல. நாலு எம்பிரியோ தேறிச்சி. ரெண்டு மாசம் கழிச்சு வரச் சொன்னாங்க. ஒரு பேப்பர்ல மாத்திரை நேரம் எழுதி குடுத்தாங்க, காலைல ஒண்ணு பகல் ஒண்ணு ராத்திரி ஒண்ணு, பிறகு கீழால வைக்கிற மாத்திரை. ஃபோன்ல அலாரம் வச்சிருந்தேன், பாடம் நடத்துற நேரம் அடிக்கும், புள்ளைகளுக்கெல்லாம் தெரியும் டீச்சர் மாத்திரை போடுற நேரம்னு. முதல் தடவை நிக்கல. ரெண்டாந்தரம் நின்னுச்சி.

கையெழுத்து போட்ட ஃபோர்ம் இங்கிலிஷ்ல. நான் டீச்சர், தட்டுத்தடுமாறி வாசிப்பேன், ஆனா அந்த ஃபோர்ம்ல கூட இப்பிடி ரெண்டு முறை இருக்கு, நாங்க இதத்தான் செய்யப்போறோம்னு ஒரு வரி இருந்த ஞாபகம் இல்ல. நர்ஸ் மிஸ் விரல வச்சு காட்டின இடத்துல எல்லாம் போட்டேன். எட்டு வருஷம் காத்துக்கிட்டு இருந்தவ எங்க வேணும்னாலும் கையெழுத்து போடுவா டொக்டர்.

வச்ச அன்னைக்கு பஸ்லதான் திரும்பி வந்தோம். அவிசாவளை தாண்டி கினிகத்தேனை வளைவு ஏறையில எம்பிரியோ கீழ விழுந்திருமோனு ரெண்டு கையாலயும் சீட்ட இறுக்கி பிடிச்சிக்கிட்டு வந்தேன், இப்ப நினைச்சா சிரிப்பு வருது. அப்பிடியெல்லாம் விழாதுனு பிறகு மிட்வைஃப் மிஸ் சொன்னாங்க.

என்ன நடந்திச்சினு நான் முழுசா விளங்கிக்கிட்டது புள்ள பிறந்த பிறகு. பிபியூவுக்கு, அதான் மாசம் முந்தி பிறந்த புள்ளைகள வைக்கிற வார்டுக்கு, வெளிய ஒரு பெஞ்ச் இருக்கு, மூணு மணித்தியாலத்துக்கு ஒருக்கா பால் பீச்சி குடுத்துட்டு அதுல உக்காந்திருப்பேன், அங்க இருந்துதான் ஃபோன்ல தேடித்தேடி படிச்சேன், விளங்காதத எங்க சித்தி மக, அவ நர்சிங் படிக்கிறா, அவகிட்ட கேட்டேன். இது உங்களுக்கு தெரிஞ்ச விஷயம், ஆனா இத வாசிக்கிற எங்க ஊர் பொம்பளைகளுக்கு தெரியாதுங்கிறதால சொல்றேன், பொறுத்துக்கோங்க.

மாசாமாசம் முட்டை ஒண்ணு வெடிச்சு வெளிய வரும் இல்ல, அந்த முட்டை இருந்த கூடு சும்மா போறதில்ல. அது மஞ்சளா ஒரு சின்ன உருண்டையா மாறும், கார்பஸ் லூட்டியம்னு பேர். கரு தங்கினா முதல் ரெண்டு ரெண்டரை மாசத்துக்கு அதுதான் கர்ப்பத்த தாங்குது, நச்சுக்கொடி வளர்ந்து பொறுப்பெடுக்கிற வரைக்கும். புரொஜெஸ்ட்ரோன், எஸ்ட்ரோஜன்ங்கிற ஹோர்மோன் ரெண்டையும் குடுக்கும், அதோட ரிலாக்சின்னு ஒண்ணும் குடுக்கும். இந்த ரிலாக்சின்தான் ரத்தக்குழாய தளர்த்தி விட்டு, இதயத்தையும் கிட்னியையும் கர்ப்பத்துக்கு தயாராக்குறதுல ஒரு கை குடுக்குதுனு சொல்றாங்க.

நெச்சுரல் சைக்கிள்னா உடம்பு தானா முட்டை விடுற வரைக்கும் ஸ்கேன்ல பார்த்துக்கிட்டு இருந்து, அதுக்கு பிறகு நாள் கணக்கு பண்ணி ஃப்ரீஸ் பண்ணின எம்பிரியோவ வைக்கிறது. அப்ப அந்த மஞ்சள் உருண்டை இருக்கும். மாத்திரை முறையில எஸ்ட்ரோஜன் குடுத்து கர்ப்பப்பைய தடிக்க வைக்கிறாங்க, அதுல முட்டை வெடிக்கிறதில்ல, அப்ப உருண்டையும் இல்ல. எஸ்ட்ரோஜன், புரொஜெஸ்ட்ரோன் ரெண்டையும் வெளியிலருந்து குடுக்கிறீங்க சரி, ரிலாக்சின யார் குடுக்கிறது? ஒருத்தரும் குடுக்கல. இதுதான் காரணம்னு நூத்துக்கு நூறு நிரூபிச்சு முடிஞ்சிட்டதா நான் சொல்ல வரல, ஆனா கணக்கு அந்தப் பக்கம்தான் சாயுது.

2019ல அமெரிக்காவுல வந்த ஒரு ஆய்வுல, மாத்திரை முறையில கர்ப்பமான பொம்பளைகள்ல 12.8 வீதம் பேருக்கு ப்ரீஎக்லாம்சியா, அதான் எனக்கு வந்த கர்ப்பகால பிரஷர் வருத்தம், நெச்சுரல் முறையில வச்சவங்களுக்கு 3.9 வீதம். கடுமையான வகைய மட்டும் எடுத்தா 9.6க்கு 0.8. அது சின்ன ஆய்வு, சரி. அதே வருஷம் சுவீடன்ல நாட்டு பதிவேட்ட வச்சு ஒம்பதாயிரத்துக்கு மேல பிரசவங்கள பார்த்திருக்காங்க, அதுலயும் மாத்திரை முறையில கர்ப்பகால பிரஷர் கூட, பிரசவத்துக்கு பிறகு ரத்தம் போறதும் கூட. அதுக்கு பிறகு வந்த பல ஆய்வும் இதே திசையிலதான் போகுது. சரி, அப்ப புள்ள தங்குற வாய்ப்பு மாத்திரையில கூடவா இருக்கும், அதனாலதான் செய்றாங்களோனு நினைச்சேன். அதுவும் இல்ல. நெதர்லாந்துல 2016ல ரெண்டு முறையையும் சீட்டுக் குலுக்கிப் போட்ட மாதிரி பிரிச்சு பார்த்திருக்காங்க, உயிரோட புள்ள பிறந்தது நெச்சுரல்ல 11.5, மாத்திரையில 8.8, பெரிய வித்தியாசம்னு சொல்ல முடியாதுனு முடிச்சிருக்காங்க. அதாவது மாத்திரை முறை ஒண்ணும் உசத்தி இல்ல.

ஃப்ரீஸ் பண்றதே பிழைனு யாரும் எடுத்துக்க வேணாம். சீனாவுல 2016ல பிசிஓஎஸ், அதான் சூல்பையில நீர்க்கட்டி பிரச்சினை, உள்ள பொம்பளைகள்ல ஃப்ரீஸ் பண்ணி வச்சவங்களுக்கு புள்ள பிறந்தது 49.3 வீதம், ஃப்ரெஷ்ஷா வச்சவங்களுக்கு 42, சூல்பை வீக்கம் 7.1லருந்து 1.3க்கு இறங்கியிருக்கு. ஆனா அதே ஆய்வுல ப்ரீஎக்லாம்சியா 1.4லருந்து 4.4க்கு ஏறியும் இருக்கு. ஒண்ணு குடுத்து ஒண்ணு வாங்குற கதை. அந்த வாங்குறது என்னங்கிறத எங்களுக்கு சொல்லலைங்கிறதுதான் என் மனஸ்தாபம்.

எனக்கு வந்ததுக்கு மாத்திரைதான் காரணம்னு நான் சத்தியம் பண்ண மாட்டேன். எனக்கு தலைப்பிள்ளை, வயசு 35, அம்மாவுக்கும் பிரஷர் இருக்கு, ஐ.வி.எஃப் கர்ப்பம்னாலே கொஞ்சம் கூடத்தான். நெச்சுரல்ல வச்சிருந்தாலும் வந்திருக்கலாம். ஆனா மாசம் பிசகாத ஒருத்திக்கு மாத்திரை முறை ஏன்னு கேக்க எனக்கு உரிமை இருந்திச்சி, கேக்க தெரியாம போச்சி.

நீங்க என்ன பதில் சொல்லுவீங்கனும் தெரியும். "தங்கச்சி, நீங்க ஹட்டன்லருந்து வரணும், நெச்சுரல்னா மூணு நாலு ஸ்கேன், முட்டை எப்ப வெடிக்கும்னு சொல்ல முடியாது, ஞாயித்துக்கிழம வெடிச்சா லேப் திறக்கணும், சில நேரம் அந்த மாசமே கேன்சல் ஆகும், மாத்திரைனா தேதி முன்கூட்டியே தெரியும், லீவு போட லேசு." உண்மை. அந்த நேரம் கேட்டிருந்தா நானே கூட மாத்திரைக்கு தலையாட்டியிருப்பேன், ராத்திரி ஒரு மணி பஸ்ஸ பிடிச்சு விடியக்காலம் கொழும்புல இறங்கி முகம் கழுவ இடம் தேடுறவளுக்கு ஒரு பயணம் குறைஞ்சாலும் பெருசுதான். எங்க அம்மா மாதிரி கொழுந்து பறிக்கிறவங்கனா ஒரு நாள் வராட்டி ஒரு நாள் சம்பளம் போச்சி, 2021லதான் அது ஆயிரம் ரூபாவுக்கே வந்திச்சி, அதுக்கும் எத்தன வருஷ போராட்டம். ஆனா தலையாட்டுறது தெரிஞ்சு ஆட்டணும் இல்லையா. அதோட வழி இல்லாம இல்ல. கண்டியிலயும் நுவரெலியாவுலயும் ஸ்கேன் பண்ற டொக்டர்மார் இல்லையா? முதல் ரெண்டு ஸ்கேன அங்க எடுத்து ஃபோன்ல அனுப்பினா ஆகாதா? முட்டை வெடிக்கப்போறத யூரின்ல பார்க்கிற ஸ்ட்ரிப் பார்மசியிலயே இருக்கு, நாங்க வீட்டுல பார்த்து சொல்ல மாட்டோமா? பிசிஓஎஸ் மாதிரி மாசம் ஒழுங்கா வராதவங்களுக்கும் லெட்ரோசோல் குடுத்து முட்டை விட வச்சு செய்ற முறை இருக்குனு வாசிச்சேன். சூல்பை ஓஞ்சு போயி மாசமே வராதவங்க, அவங்களுக்கு மாத்திரைதான் வழி, அதுல வாதம் இல்ல.

இன்னொண்ண கட்டாயம் சொல்லணும், ஏன்னா இத வாசிச்சிட்டு யாராவது பயந்து மாத்திரைய நிப்பாட்டிருவாங்க. இப்ப மாத்திரை முறையில கர்ப்பமா இருக்கிறவங்க தயவுசெஞ்சு நீங்களா ஒரு மாத்திரையக்கூட விடாதீங்க. உருண்டை இல்லாத கர்ப்பத்துக்கு அந்த மாத்திரைதான் தூண், விட்டா கலைஞ்சிரலாம். டொக்டர் நிப்பாட்ட சொல்ற நாள் வரைக்கும் போடுங்க. பிரஷர ஒழுங்கா பார்க்க சொல்லுங்க, அவ்வளவுதான்.

பிரஷர யார் பார்க்கிறாங்கங்கிற இடத்துலதான் உங்களுக்கும் எங்களுக்கும் நடுவுல உள்ள ஓட்டை இருக்கு. நீங்க எம்பிரியோ வச்சு, ஹார்ட் பீட் கேட்டு, வாழ்த்து சொல்லி அனுப்பிட்டீங்க. அதுக்கு பிறகு மாசக்கணக்கா என்னை பார்த்தது யாரு? வெள்ளை சாரிய ஒரு கையால தூக்கி பிடிச்சிக்கிட்டு, அட்டைக்கடிக்கு கால்ல சவர்க்காரம் பூசிக்கிட்டு ஏறி வர்ற எங்க மிட்வைஃப் மிஸ். நாட்டுல பிரசவத்துல சாகுற தாய்மார் இவ்வளவு குறைஞ்சதுக்கு இந்த மிஸ்மார் ஒரு பெரிய காரணம்னு நீங்களே மேடையில சொல்றீங்க. அந்த மிஸ்ஸுக்கு நீங்க ஒரு வரி எழுதி அனுப்பினீங்களா? என் எச் 512 கார்டுல, அதான் கர்ப்பிணித் தாய்மாருக்கு குடுக்கிற கிளினிக் கார்டுல, "ஐ.வி.எஃப்" னு மிஸ் சிவப்பு பேனையில எழுதியிருக்காங்க, அதுவும் நான் வாயால சொன்னதால. அதையும் நான் முதல் ரெண்டு கிளினிக்லயும் சொல்லல, ஊருக்கு தெரிஞ்சிரும்னு மறைச்சேன், அது என் பிழை, ஒத்துக்கிறேன். சொல்லியிருந்தா ஆஸ்பிரின் விஷயத்தையாவது நேரத்தோட யாராவது யோசிச்சிருப்பாங்க. ஆபத்து கூடின தாய்மாருக்கு 11லருந்து 14 வாரத்துக்குள்ள தொடங்கி ராத்திரியில 150 மில்லிகிராம் குடுத்தப்ப, 37 வாரத்துக்கு முந்தி பிரசவம் பார்க்க வேண்டி வர்ற வகை ப்ரீஎக்லாம்சியா 4.3லருந்து 1.6 வீதத்துக்கு குறைஞ்சதுனு 2017லயே ஆய்வு வந்திருக்கு. டொக்டர் சொல்லாம யாரும் வாங்கி போட வேணாம், எல்லாருக்கும் பொருந்தாது. ஆனா எனக்கு அது தேவையா இல்லையானு முடிவெடுக்க வேண்டியவங்க கையில விஷயமே இல்ல.

அந்த நாள் தோட்டத்து ஹோல்ல கிளினிக். 32 வாரம். வெளிய பனிமூட்டம், உள்ள திரிபோஷ சத்துமா வாங்க வந்தவங்க சத்தம். மிஸ் கையில பட்டிய சுத்தி பம்ப் பண்ணினாங்க, காத்த விட்டாங்க, ஒண்ணும் பேசல. என்னை சுவர் பக்கமா உக்கார சொல்லிட்டு மத்தவங்கள பார்த்தாங்க. கொஞ்ச நேரத்துல திரும்ப வந்து மத்த கையில பம்ப் பண்ணினாங்க. யூரின்ல ஸ்ட்ரிப்ப விட்டாங்க, மஞ்சள் பச்சையா மாறிச்சி. "தலைவலி இருக்கா?" னு கேட்டாங்க. ரெண்டு நாளா இருக்கு மிஸ், குளிருக்குனு நினைச்சேன்னு சொன்னேன். விலாவுக்கு கீழ வலது பக்கம் வலி இருந்திச்சி, அத கேஸ்னு நினைச்சு இஞ்சி பிளேன்டீ குடிச்சிக்கிட்டு இருந்தேன். மிஸ் ஃபோன எடுத்துக்கிட்டு வெளிய போனாங்க. 1990 அம்புலன்ஸுக்கு அடிச்சிருக்காங்க. வண்டி மேல வரைக்கும் வராது, ஓரம் உடைஞ்ச பாதை, தேயிலைத் தூள் ஏத்துற லொறிதான் ஏறும். ரெண்டு பேர் தாங்கிப் பிடிச்சு கீழ இறக்கினாங்க. முதல்ல பக்கத்து ஆஸ்பத்திரி, அங்கருந்து ரெண்டரை மணித்தியாலம் கண்டிக்கு. வழியெல்லாம் மிஸ் சொன்னதுதான் காதுல, "கண்ண மூடாம பேசிக்கிட்டே வாங்க" னு.

வலிப்பு வராம இருக்க மெக்னீசியம் சல்பேட் ஏத்தினாங்க, உள்ளுக்குள்ள யாரோ அடுப்பு மூட்டின மாதிரி உடம்பெல்லாம் தீயா எரிஞ்சிச்சி. புள்ளைக்கு நுரையீரல் முதிர ஊசி போட்டு, ரெண்டு நாள் பிடிச்சு வச்சு, தியேட்டருக்கு கொண்டு போனாங்க. ஒரு கிலோ நானூறு கிராம். பொம்பளப் புள்ள. அப்பாவோட உள்ளங்கையில அடங்கினா. இப்ப நல்லா இருக்கா, தவழ்ந்து போய் த்ரீவீல் சாவிய தூக்கி எறியுறா.

எனக்கு கிடைச்ச அதிர்ஷ்டம் எல்லாருக்கும் கிடைக்காது. மண்சரிவுல பாதை மூடுற ஒரு நாளா அது இருந்திருந்தா? பிரசவத்துக்கு பிறகு ரத்தம் போற ஆபத்தும் கூடனு மேல எழுதினேனே, ரத்தம் இருக்கிற ஆஸ்பத்திரிக்கு எங்க மேட்டு டிவிசன்லருந்து எவ்வளவு தூரம்னு கூகுள் மேப்ல பார்த்தா விளங்காது, ஒருக்கா மழையில வந்து பாருங்க. கொழும்புல இருக்கிறவளுக்கு ப்ரீஎக்லாம்சியா வந்தா இருவது நிமிஷத்துல வார்ட்ல இருப்பா. அதே எண் எங்களுக்கு அதே எண் இல்ல. அதனாலதான் எந்த முறையில வைக்கிறதுனு முடிவெடுக்கிற நேரம், "இவ தூரத்துலருந்து வர்றா, மாத்திரை லேசு" னு யோசிக்கிற அதே மூச்சுல "இவ தூரத்துல இருக்கா, பிரஷர் ஏறினா என்ன செய்வா" னும் யோசிங்கனு கேக்கிறேன்.

அம்மா காலத்துல தோட்டத்து ஆஸ்பத்திரினா குடும்பக்கட்டுப்பாட்டு ஆபரேஷனுக்கு ஆள் சேர்க்கிற இடம்னுதான் எங்க வீட்டுல பேச்சு. ரெண்டு பெத்தா போதும்னு லொறியில ஏத்திக்கிட்டு போனத அம்மா இன்னும் சொல்லுவாங்க. எங்களுக்கு புள்ள பிறக்காம இருக்கிறதும் ஒரு நோய்னு யாரும் நினைச்சதே இல்ல. இப்ப நாங்களும் கடன்பட்டாவது உங்க வாசலுக்கு வர ஆரம்பிச்சிருக்கோம். வர்றவங்களுக்கு தமிழ்ல ஒரு பக்கம் அச்சடிச்சு குடுக்கிறது கஷ்டமா? ரெண்டு முறை இருக்கு, உங்களுக்கு இது பொருந்தும், இந்த ஆபத்து இதுல கொஞ்சம் கூட, அந்த ஆபத்து அதுல கூட, ஏன் இத தெரிவு பண்றோம். அவ்வளவுதான். டொக்டர் தமிழ் பேசாட்டியும் பரவால்ல, பேப்பர் பேசும்.

அமைச்சுல இருக்கிறவங்களுக்கு ஒண்ணு. ஐ.வி.எஃப் செஞ்சு கர்ப்பமான ஒவ்வொருத்தரையும் அனுப்பையில, எந்த தேதியில வச்சது, ஃப்ரெஷ்ஷா ஃப்ரீஸா, நெச்சுரலா மாத்திரையா, எத்தன எம்பிரியோ, மாத்திரை எந்த வாரம் நிப்பாட்டினதுனு ஒரு வரி எழுதி, சீல் வச்சு, கிளினிக் கார்டோட ஒட்டி அனுப்பணும்னு ஒரு சுற்றறிக்கை விடுங்க. ஊர்ப்பேச்சுக்கு பயப்படுற என்ன மாதிரி ஆக்களுக்காக அத சுருக்கெழுத்துல போட்டாலும் சரி, மிஸ்ஸுக்கும் பகுதி சுகாதாரத்த பார்க்கிற எம்.ஓ.எச் டொக்டருக்கும் விளங்கினா போதும்.

எங்களோட இன்னும் ரெண்டு எம்பிரியோ உங்க டாங்க்ல இருக்கு. மார்ச்ல ஸ்டோரேஜ் காசு கட்ட வரணும். அடுத்தத இப்ப வைக்கிறதா, ஒருக்கா இப்பிடி வந்த உடம்புக்கு அது சரியானு கண்டி டொக்டர்கிட்ட முதல்ல கேட்டுட்டுதான் பேசுவேன். வைக்கிறதா இருந்தா, 28 நாள் வட்டம் போட்ட அந்த கேலண்டரையும் கொண்டு வருவேன், மேசையில வச்சிட்டு கேப்பேன், கோவிச்சுக்காதீங்க.

இப்படிக்கு,
ஹட்டன் பக்கத்துலருந்து ஒரு டீச்சர்